தண்ணீர் விடாத பூரணம்: சைவ ஜியாவ்ஸு வேகும் விதம்

பெய்ஜிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் துறைமுக நகரம் தியான்ஜின். சீனப் புத்தாண்டின் முதல் நாள் அங்கே பல வீடுகளில் கறி சேர்க்காத ஜியாவ்ஸுதான் சாப்பாடு. மாவுத்தோலுக்குள் பூரணம் வைத்து மடித்து வேகவைக்கும் சீனக் கொழுக்கட்டைதான் ஜியாவ்ஸு. அப்படிச் சாப்பிட்டால் வருடம் வம்பு வழக்கில்லாமல் போகும் என்பது நம்பிக்கை. அது எப்படியோ இருக்கட்டும், அந்தப் பூரணத்தில் சேரும் சாமான்களைக் கவனியுங்கள்: சீன முட்டைகோஸ், பயறு முளை, கெட்டி டோஃபு (சோயாப் பன்னீர்), பாசிப்பயறு மாவில் செய்த நூடுல்ஸ் தாள், எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு, எள் விழுது, புளிக்கவைத்த சிவப்பு டோஃபு, கொத்தமல்லி. பாதிச் சாமான் தண்ணீரைக் கொண்டுவருகிறது, மீதி அதைப் பிடித்து வைக்கிறது.

பூரணம் தண்ணீர் விடும் சிக்கல் கறி ஜியாவ்ஸுவில் இல்லை. கொத்துக்கறியில் உப்புப் போட்டு அடித்துக் கிளறினால் தசைப் புரதம் கரைந்து பிசின் போல ஆகிவிடும். சமையல்காரர்கள் அதில் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள்; புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். காய்கறியில் அப்படிப் பிடிக்க எதுவும் இல்லை. அதுவும் சீன முட்டைகோஸில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்.

ஆகவே முதலில் அதை வெளியேற்ற வேண்டும். அரை கிலோ கோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பைப் பிசறி, இருபது நிமிடம் விடுங்கள். செல்லுக்கு வெளியே உப்பு அடர்த்தி கூடியதும் சவ்வைத் தாண்டித் தண்ணீர் வெளியே வருகிறது. சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அப்புறம் துணியில் கட்டிப் பிழிந்தால் ஒரு டம்ளர் சாறுகூட வரலாம். இதைச் செய்யாமல் விட்டால், பூரணத்தில் போடும் உப்பும் சோயா சாஸும் இதே வேலையைத் தோலுக்குள் செய்யும். அடிப்பாகம் ஊறி, பானைக்குப் போகும் முன்பே கிழியும்.

பிழிந்த கோஸில் முதலில் எள் எண்ணெய், கடைசியில்தான் உப்பு. எண்ணெய்ப் பூச்சு இருப்பதால் உப்பு காயைத் தொடத் தாமதமாகும். நூடுல்ஸ் தாளை அரைகுறையாக மட்டும் ஊறவைக்க வேண்டும். வேகும்போது மிச்சச் சாற்றை அதுவும் பொரித்த மாவும் குடித்துக்கொள்ளும். எள் விழுதும் சிவப்பு டோஃபுவும் எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். சிவப்பு டோஃபுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புளிக்கும்போது சோயாப் புரதம் உடைந்து குளூட்டமேட் என்ற ருசிப்பொருள் வெளிவருகிறது. கறியில்லாமலே கறியின் ருசி வருவது அதனால்தான். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இகேடா கண்டறிந்த ருசி இது. காய்ந்த ஷீடாகே காளானைச் சேர்த்தால் அதிலுள்ள குவானிலேட் என்ற இன்னொரு ருசிப்பொருள் இந்த ருசியைப் பல மடங்கு தூக்கிக் கொடுக்கும். என்னைக் கேட்டால், சைவப் பூரணத்தில் காளானை விடவே கூடாது.

மேல்மாவுக்கு 300 கிராம் மைதா, 150 மில்லி பச்சைத் தண்ணீர். பிசையும்போது மைதாவின் புரதம் சேர்ந்து குளூட்டன் என்ற வலை உருவாகி இறுகும். அரை மணி மூடிவைத்தால் தளரும், தேய்த்த வட்டம் திரும்பச் சுருங்காது. ஓரத்தை மெல்லிசாகவும் நடுவைத் தடிப்பாகவும் தேய்ப்பார்கள். மடிக்கும்போது ஓரம் இரட்டையாகிவிடுமே! தவாவில் பொரிப்பதற்கென்றால் கொதிநீர் மாவு. கொழுக்கட்டைக்குப் போலவே சூட்டில் மாவுச்சத்து பசையாகித் தண்ணீரை அதிகம் வாங்கும். கூடவே மைதாவின் புரதமும் வலுவிழப்பதால் தோல் மெத்தென்று இருக்கும்.

இனி கொதிக்கும் பானை. போட்டவுடன் ஜியாவ்ஸு அடியில் தங்கும், ஒட்டாமல் இருக்க ஒருமுறை துழாவிவிடுங்கள். சில நிமிடத்தில் உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து தோலை உப்ப வைக்கும், எல்லாம் மேலே மிதக்கும். அதாவது, உள்பக்கம் நன்றாகச் சூடாகிவிட்டது. அப்போது அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொதிப்பை அடக்குவது சீன வழக்கம். கறிக்கு மூன்று முறை. கொந்தளிப்பு அடங்குவதால் தோல் கிழியாது, அதற்குள் சூடு நடுவரை போய்ச் சேரும். சைவத்தில் பச்சையாக வேகவேண்டியது அதிகம் இல்லை, ஒன்றிரண்டு முறை போதும்.

மூடி போட்டால் பூரணம் வேகும், திறந்தால் தோல் வேகும் என்று சீன வீடுகளில் ஒரு சொல் உண்டு. தண்ணீரின் சூடு இரண்டிலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் மூடி இருந்தால் மிதக்கும் ஜியாவ்ஸுவின் மேல்பாதிக்கும் நீராவிச் சூடு கிடைக்கிறது, ஆகவே அந்தச் சொல்லில் விஷயம் இருக்கிறது.

வெளியே எடுத்ததும் உப்பல் அடங்கித் தோல் சுருங்கும். உள்ளே இருந்த நீராவி குளிர்ந்து தண்ணீராவதால் வருவது, பழுதொன்றும் இல்லை. தட்டில் மட்டும் இடைவெளி விட்டு வையுங்கள். தோலின் மேல் பசையாகிக் கிடக்கும் மாவுச்சத்து ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், பிரிக்கையில் கிழிந்துவிடும்.