ஸ்கைலைன்: தொடுவானமா, வான்கோடா?

மேல்மாடியில் நின்று நிலாவைப் படம் பிடிக்கிறவர்களுக்கு ‘ஸ்கைலைன்’ என்ற சொல் தண்ணீர்பட்ட பாடு. “ஸ்கைலைன் வடிவா வந்திருக்கு, நிலாதான் வெளிறிப்போச்சு” என்பார்கள். தமிழில் எழுதும்போது மட்டும் அவர்களே அதை ‘அடிவானம்’, ‘தொடுவானம்’ என்று ஆக்கிவிடுகிறார்கள். பொருந்தவில்லை.

ஆங்கில ‘ஸ்கை’ பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு மேகம் என்று பொருள். ‘லைன்’ இலத்தீன் வழி வந்தது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூல்தான் அதன் மூலம். இரண்டும் சேர்ந்த சொல் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுத்தில் வந்தபோது மண்ணும் வானும் கூடும் இடத்தையே குறித்தது. அன்றைக்கு யாராவது தொடுவானம் என்று பெயர்த்திருந்தால் குறை சொல்ல முடியாது. நியூயோர்க்கிலும் சிக்காகோவிலும் பத்து மாடி, இருபது மாடி என்று கட்டடங்கள் எழும்பிய பிறகு, 1890களில், பொருள் இடம் மாறியது. கட்டட உச்சிகள் வானத்தில் வெட்டிக்காட்டும் ஏற்ற இறக்கமான வரம்பு ஸ்கைலைன் ஆயிற்று. அந்தக் கட்டடங்களுக்கு வைத்த ‘ஸ்கைஸ்கிரேப்பர்’ என்ற பெயரோ அதற்கு முன்பு பாய்க்கப்பலின் உச்சிப் பாய்க்கு இருந்தது. துறைமுக ஊர்க்காரருக்கு இது பிடிக்கும்.

திருகோணமலையில் இரண்டு பொருளையும் ஒரே மாலையில் பார்க்கலாம். டச்பே கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கடலும் வானும் தொடும் நேர்வரி. அது தொடுவானம். உவர்மலையில் ஒரு மேல்மாடிக்கு ஏறி அதே கிழக்கைப் பாருங்கள்: ஓட்டு முகடுகள், தண்ணீர்த் தாங்கிகள், தென்னை மரங்கள், போன் கோபுரங்கள், வடகிழக்கே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை. இதைத் தொடுவானம் என்றால் டச்பேயில் பார்த்ததற்கு என்ன பெயர்?

‘வான்விளிம்பு’ என்றாலும் மனம் கடலுக்குத்தான் போகிறது. ‘வான்வரை’ அழகான சொல். வரை என்றால் கோடும் ஆகும், மலையும் ஆகும். ஆனால் “வான்வரை உயர்ந்த கோபுரம்” என்று எழுதிப்பாருங்கள், பெயர்ச்சொல் காணாமல் போய்விடும். என் வாக்கு ‘வான்கோடு’ என்பதற்கே. கோடு என்பது கீறும் கோடு மட்டுமல்ல. மலைச்சிகரமும் கோடு, திருச்செங்கோட்டில் இருப்பது அதுதான். யானைத் தந்தமும் மரக்கிளையும்கூடக் கோடுதான். முகடும் மரமும் மலையுமாகக் கிடக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘நிழலுரு’ வேறு: அது பின்வெளிச்சத்தில் கறுத்துத் தெரியும் உருவம் முழுவதும், வான்கோடு அதன் மேல் ஓரம்.

படம் எடுக்கும்போதும் இந்த வேறுபாடு உதவும். தொடுவானத்தில் எழும் நிலாவுக்கு அளவு சொல்லப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வான்கோட்டில் உண்டு. நிலாவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை. ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கும் 9 மீற்றர் உயரப் பொருளும் அதே அளவாகவே கண்ணுக்குப் படும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே நிலா கடுகாகத் தெரியும். இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் என்றால் ஐந்தாறு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு நிற்கும். அதைப் பெரிதாக்க நீண்ட வில்லை வேண்டும். 200 மில்லிமீற்றர் வில்லையிலும் கமராவின் உணரியில் விழும் நிலாவுக்கு 2 மில்லிமீற்றர் அகலம் வராது.

முழுநிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதால் மார்கழியில் வடகிழக்காகவும் ஆனியில் தென்கிழக்காகவும் ஒதுங்கி எழும். உவர்மலைக்காரர் சுவாமி மலைப் பக்கம் நிலா வேண்டுமென்றால் மார்கழி வரை காத்திருக்க வேண்டும்.

நாளைப் பொறுத்தவரை போயாவைவிட, அதாவது முழுநிலா நாளைவிட, அதற்கு முதல்நாள் நல்லது. நிலா சராசரியாக 50 நிமிடம் முந்தி, சூரியன் விழ முன்னரே எழுந்துவிடும். ஊரில் வெளிச்சம் இருப்பதால் வான்கோடும் நிலாக்கறையும் ஒரே படத்தில் அகப்படும். இருட்டிய பிறகு இரண்டில் ஒன்றுதான். நிலாவில் படுவது நேர் வெயில் என்பதால், உச்சிக்கு ஏறிய முழுநிலாவுக்குத் வில்லைத் துளை எஃப் 11, உணரியின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, ஒளி விழும் நேரம் 1/100 செக்கன் போதும். வான்கோட்டை ஒட்டி நிற்கும்போது காற்றின் தடிப்பில் மங்கிவிடும், 1/30இல் தொடங்கிப் பாருங்கள்.