மலையின் நடுவில் சொட்டும் தண்ணீர்

"சேர், சிட்னியில இருக்கிற சித்தி நீலமலைக்குப் போய்ப் படம் அனுப்பினா. மழை இல்லாத நாளிலயும் செங்குத்துப் பாறையின்ர நடுவில தண்ணி சொட்டுதாம். எங்கட கோணேசர் மலையில ஏன் அப்பிடி இல்ல?"

கேட்டவள் திருகோணமலையில் தரம் 10இல் படிக்கும் மாணவி. வீட்டிலேயே விடை இருக்கிறது. அம்மியில் ஒரு கை தண்ணீர் ஊற்றுங்கள், வழிந்தோடிவிடும். காய்ந்த செங்கல்லில் ஊற்றினால் 'சர்'ரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். கோணேசர் மலை அம்மி வகை. வெப்பமும் அழுத்தமும் அதன் துகள்களை இறுகப் பின்னிவிட்டன. வெடிப்பு இருந்தால்தான் நீருக்கு வழி. அவுஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகிலுள்ள நீலமலை (Blue Mountains) செங்கல் வகை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அங்கே மணற்கல்லாகியிருக்கிறது. மணிகளுக்கு இடையே இன்னமும் இடமுண்டு.

சரி, நடுவில் ஏன் சொட்டுகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மணற்கல் படைகளுக்கு இடையே மெல்லிய களிக்கல் படைகள் உண்டு. மெதுவாக இறங்கிவரும் மழைநீரை நெருக்கமான களித்துகள்கள் மறிக்கின்றன. கீழே போக வழியில்லாத நீர் பக்கவாட்டில் ஊர்ந்து, பாறை முகத்தில் கசிகிறது. அந்த ஈரத்தில் பன்னங்களும் பூச்சி தின்னும் செடிகளும் முளைக்கின்றன. மக்கிய செடிகள் கறுத்த பஞ்சு மண்ணாகி நீரை இன்னும் பிடித்துவைக்கின்றன. இப்படித்தான் செங்குத்துப் பாறையில் ஒரு சதுப்பு தொங்குகிறது!

கசியும் இடத்தில் களிக்கல் முதலில் உதிர்கிறது. தாங்க ஆளில்லாத மேல் மணற்கல், நெடுக்கு வெடிப்பு வழியே துண்டாக விழுகிறது. அதனால் மலை பின்வாங்கினாலும் அதன் முகம் செங்குத்தாகவே நிற்கிறது.

1994இல் டேவிட் நோபல் என்ற பூங்கா அலுவலர் அங்கே ஓர் இடுக்குப் பள்ளத்தாக்கில் இறங்கியபோது கண்டதுதான் வொலெமை மரம். அதுவரை புதைபடிவங்களில் மட்டுமே அறியப்பட்ட வகை. காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. 2019-20 காட்டுத்தீயின்போது ஹெலிகொப்டரிலிருந்து ஆட்களை இறக்கி, நீர் தெளித்து அவற்றைக் காப்பாற்றினார்கள். இடத்தை இன்றும் இரகசியமாக வைத்திருக்கிறார்கள். சப்பாத்து மண்ணோடு வேரழுகல் நோய் வந்துவிடும் என்ற பயம். அந்த இரகசியத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எல்லா அதிசயத்தையும் நாம் நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா?

10 இலட்சம் ஹெக்டேயருக்கும் மேலான இந்த நீலமலை நிலப்பரப்பை யுனெஸ்கோ 2000இல் உலக மரபுரிமையாக்கியது. ஆனால் எல்லைக்கு வெளியிலும் அதே மணற்கல், அதே சதுப்புகள். அவற்றுக்கு அடியில் நிலக்கரி. சுரங்கம் தோண்டும்போது மேலேயுள்ள பாறை தாழ்ந்து வெடிக்கிறது. பக்கவாட்டில் போன நீர் அந்த வெடிப்பு வழியே நேரே கீழே இறங்கிவிடுகிறது. மேலே ஒரு மரத்தைக்கூட யாரும் வெட்டவில்லை. ஆனாலும் பஞ்சு மண் காய்ந்து, அடுத்த தீயில் அதுவே எரிகிறது.