டர்பைன்: விசையாழியா, சுழலியா, தாரைப் பொறியா?

மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள் ‘இதில் டர்பைன் போட்டிருக்கிறது’ என்றால் முழு ஜெட் எஞ்சினையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். உண்மையில் டர்பைன் என்பது அந்த எஞ்சினின் பின்பாதியில் இருக்கும் ஒற்றைச் சக்கரம்.

லத்தீனில் ‘டுர்போ’ என்றால் சுழல்காற்று. பம்பரத்துக்கும் அதே பெயர்தான். அதை வேராகக் கொண்டு, நீரால் சுழலும் சக்கரத்துக்கு 1822இல் ‘டர்பைன்’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் குளோத் புர்தேன். அவருடைய மாணவர் பெனுவா ஃபூர்நேரோன் 1827இல் நன்றாக ஓடும் டர்பைன் ஒன்றைச் செய்துகாட்டினார். நீருக்கு வைத்த பெயர் பின்னால் நீராவிக்கும், அதன்பின் சூடான வாயுவுக்கும் போனது.

தமிழில் விசையாழி, சுழலி என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஆழி என்றால் சக்கரம். திருமால் கையில் இருப்பதும் ஆழிதான். சுழலி சொல்ல எளிது, ஆனால் சுற்றுகிற எதையும் சுழலி என்றுவிடலாம். சக்கரத்துக்கு விசையாழியே பொருத்தம். முழு எஞ்சினுக்குத் தாரைப் பொறி என்ற சொல் இருக்கிறது. கண்ணீர் தாரை தாரையாக வழிகிறது என்கிறோமே, அந்தத் தாரைதான்; பின்வாயிலிருந்து பீய்ச்சும் வாயுவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. இரண்டையும் சேர்த்து ‘விசையாழித் தாரைப் பொறி’ என்றால் பொருள் பிசகாது. மைதானத்தில் டர்பைன் என்றே கூப்பிடுவார்கள்; அதில் தவறில்லை.

சக்கரத்தையும் எஞ்சினையும் பிரித்துப் பார்த்தால் பொருத்தும் வேலையும் புரியும். முன்னால் காற்றை அமுக்கும் சக்கரம், நடுவில் எரியறை, பின்னால் விசையாழி. எரிந்த வாயு விசையாழியைச் சுற்றுகிறது. அதே தண்டில் இருக்கும் முன்சக்கரமும் உடன் சுற்றுகிறது. 1980களின் இறுதியில் ஜெர்மானியர் குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டிலேயே செய்யக்கூடிய எஞ்சினை வடிவமைத்தபோது, அந்த முன்சக்கரத்தை ஒட்டுப்பலகையில் செய்து கரியிழையால் வலுவூட்டினார். பின்னால் வந்த கே.ஜே-66 போன்ற எஞ்சின்கள், வண்டி எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போசார்ஜரின் உலோகச் சக்கரத்துக்கு மாறின. 66 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 1,15,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் போகிறது. வெட்டிவிட்ட கேபிள் டையின் துண்டு ஒன்று உள்ளே போனாலும் இதழ்கள் சிதையும். அதனால் எஞ்சினை வைக்கும் முன் உடற்பகுதியை வாக்குவம் பிடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒயர்களை எஞ்சின் வாய்ப் பக்கம் தொங்கவிடக் கூடாது.

எஞ்சினைப் பட்டைக் கிளாம்பால் ஒட்டுப்பலகைத் தண்டவாளங்களில் இறுக்குகிறோம். பின்வாய்க்குப் பின்னால் வரும் உந்துகுழாயின் மையமும் எஞ்சினின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சில மி.மீ. விலகினாலே சூடு குழாயின் ஒரு பக்கத்தில் குவிந்து உடற்பகுதி கருகும். எஞ்சினுக்கும் குழாய்க்கும் இடையே விடவேண்டிய இடைவெளி கையேட்டில் இருக்கும். அதை மாற்றக் கூடாது.

அதிகம் கோளாறு கொடுப்பது எரிபொருள் வழி. 100 நியூட்டன் உந்துவிசை தரும் எஞ்சின் முழுவேகத்தில் நிமிடத்துக்கு 350 முதல் 400 மி.லி. மண்ணெண்ணெய் குடிக்கும். பெரிய டேங்க், அடுத்து காற்றுப் பொறி டேங்க் (இங்கே பொறி என்றால் கண்ணி), பம்ப், ஃபில்டர், வால்வு, எஞ்சின் என்பதே வரிசை. காற்றுப் பொறி டேங்க் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மண்ணெண்ணெயை மட்டும் விடுகிறது. குமிழி எரியறைக்குப் போனால் சுடர் அணைந்து எஞ்சின் வானத்திலேயே நின்றுபோகும். பம்புக்கு முன்னால் 6 மி.மீ. குழாயும் பின்னால் 4 மி.மீ. குழாயும் போதும். உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய குழாயோ நெருக்கமான ஃபில்டரோ வைத்தால் இழுவையில் குமிழி அங்கேயே உருவாகும்.

குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டினால் வாய் நசுங்கும், இணைப்பியில் சரியாக உட்காராது. கூரான பிளேடால் நேர்குறுக்காக வெட்ட வேண்டும். உறிஞ்சும் பக்கத்து ஒழுக்கு கண்ணில் படாது: மண்ணெண்ணெய் வெளியே சொட்டுவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஒளிபுகும் குழாயில் குமிழி ஓடுகிறதா என்று தரையில் முழுவேகத்தில் ஓட்டித்தான் பார்க்க முடியும்.

இந்த எஞ்சின்களுக்குத் தனி மசகெண்ணெய்ப் பாத்திரம் கிடையாது. எரிபொருளே பேரிங்குகளுக்கும் மசகு. எனவே டர்பைன் எண்ணெய் எனும் மசகெண்ணெயை எரிபொருளில் கலந்தாக வேண்டும். 5 விழுக்காடு என்றால் 20 லிட்டருக்கு 1 லிட்டர்.

கிளப்பும்போது மூக்கு காற்றை எதிர்த்து நிற்கட்டும். பின்காற்றில் கிளப்பினால் வாயு வெளியேறத் திணறி, வெப்பம் எகிறி, வாலிலிருந்து தீ நீளும். முந்தைய முயற்சி தோற்று உள்ளே எரிபொருள் தேங்கியிருந்தாலும் இதே கதைதான். வடித்துவிட்டே மறுபடி கிளப்ப வேண்டும். பக்கத்தில் கார்பன் டையாக்சைடு அணைப்பான் இருக்கட்டும். பொடி அணைப்பான் தீயோடு எஞ்சினையும் முடித்துவிடும்.

ரேடியோ தொடர்பு அறுந்தால் எஞ்சின் தானே நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, தரையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதிக்க வேண்டும். நிறுத்திய பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றிக் காற்றிழுத்துக் குளிர்விக்கும். வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டி இறங்கும்வரை பேட்டரியைக் கழற்றாதீர்கள். முன்னதாகக் கழற்றினால் விசையாழியின் சூடு தண்டு வழியாகப் பின் பேரிங்குக்கு ஏறி, அதிலுள்ள எண்ணெயைக் கருக்கிவிடும்.