மார்ச் மாதத்து இரண்டு அங்குல மழை

இரண்டு அங்குல மழைக்கா இவ்வளவு வெள்ளம் என்று ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஐப்பசி அடைமழையைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஜூன் மாதம் மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கும்போது அதே இரண்டு அங்குலம் பெய்தால் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில விவசாயி நிம்மதியாகத் தூங்கப் போவார். மார்ச் நடுவில், உறைந்த தரையில் கிடக்கும் பழைய பனிமேல் பெய்தால்தான் வினை. 2019 மார்ச் 13, 14 தேதிகளில் நெப்ராஸ்காவிலும் மேற்கு அயோவாவிலும் நடந்தது அதுதான்.

மிசூரி ஆற்றை ஒட்டிய பண்ணைகளில் தானியச் சேமிப்புக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. குதிர்களை, அதாவது தானியம் சேமிக்கும் பெரிய தொட்டிகளை, எங்கே நிறுத்தலாம், அவற்றுக்குள் காற்று ஊதும் காற்றாடியை எவ்வளவு நேரம் ஓட்டலாம், தானியத்தில் எத்தனை சதவீதம் ஈரம் இருக்கலாம், இப்படி. வெள்ளம் வடிந்த பிறகு எங்களைக் கூப்பிடுவார்கள். அப்போது எங்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான். பிப்ரவரியிலேயே கூப்பிட்டிருந்தால் நிறையச் செய்திருக்கலாம்.

மழைதான் பனியைக் கரைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. 10 டிகிரி செல்சியஸில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அந்த மழைநீரின் சூடு கரைப்பது 12, 13 மில்லிமீட்டர் தண்ணீர் தரும் பனியை மட்டுமே. மழையோடு சேர்ந்து தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்றுதான் பனியைத் தின்கிறது. அந்த ஈரம் பனிமேல் படிந்து நீராகும்போது, ஒவ்வொரு கிராமும் விடுகிற வெப்பம் ஏழு கிராம் பனியைக் கரைக்கப் போதும். அதற்கு வெயில் வேண்டியதில்லை, இரவெல்லாம் கரையும்.

பனியின் உயரமும் ஏமாற்றும். புதிதாக விழுந்த பத்து அங்குலப் பனியில் ஏறத்தாழ ஓர் அங்குலத் தண்ணீர் இருக்கும். பல வாரம் கிடந்து இறுகிய பத்து அங்குலத்தில் மூன்று அங்குலம் கூட இருக்கலாம். நான் பண்ணைக்காரர்களிடம் சொல்வது எளிது: நேரான சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பனிக்குள் தரை தொடும்வரை இறக்குங்கள், அடியில் தகடு கொடுத்து எடுங்கள், வீட்டுக்குள் வைத்துக் கரையவிட்டு அதே குழாயில் அளந்து பாருங்கள். ஓர் அங்குலப் பனிப்பொழிவுக்கே போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் இதைச் செய்ய மட்டும் சோம்பல்படுகிறார்கள்.

அந்த வருடம் எல்லாம் ஒன்றுகூடியது. 2018 இலையுதிர்காலம் ஈரமாக இருந்ததால் மண் நீரைக் குடித்த நிலையிலேயே உறைந்துவிட்டது. அப்படி உறைந்த மண் சிமென்ட் தளம் மாதிரிதான், சொட்டு இறங்காது. பிப்ரவரியில் கடுங்குளிர், ஆறுகளில் தடிமனான பனிக்கட்டி. மழையும் பனிநீரும் ஒரே நேரத்தில் ஓடிவந்து ஆற்றின் மேல்மூடியைத் தூக்கி உடைத்தன. அந்தக் கட்டிகள் வளைவுகளிலும் பாலங்களிலும் அடைத்துக்கொண்டன. மார்ச் 14 விடியற்காலையில் நெப்ராஸ்காவின் நயோப்ரரா ஆற்றில் உள்ள ஸ்பென்சர் அணை, 1927இல் கட்டியது, தண்ணீரோடு வந்த பனிக்கட்டிகளுக்குத் தாங்காமல் உடைந்தது. அந்த ஆற்று நீர் போய்ச் சேரும் மிசூரி ஆற்றின் கேவின்ஸ் பாயின்ட் அணைக்குக் கொள்ளளவு குறைவு. அங்கிருந்து வினாடிக்கு 1,00,000 கன அடி திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழே மிசூரியின் வெள்ளத் தடுப்புக் கரைகள் பல இடங்களில் உடைந்தன, அயோவாவின் ஹாம்பர்க் மூழ்கியது. அதே புயலின் மேற்குப் பக்கத்தில் கடும் பனிப்புயல். பசுக்கள் கன்று ஈனும் பருவம் அது.

குதிருக்கு வருகிறேன்.

சீனாவோடு வர்த்தகச் சண்டையில் 2018இல் சோயா விலை விழுந்ததால், விலை ஏறட்டும் என்று பலர் விற்காமல் வைத்திருந்தார்கள். வட்டவடிவ இரும்புத் தகட்டுக் குதிர்கள் நிரம்பி நின்றன. ஊறவைத்த கொண்டைக்கடலை பாத்திரத்தை விட்டு எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. அடித்தட்டில் தண்ணீர் புகுந்ததும் சோயா உப்புகிறது, போல்ட்டுகள் அறுந்து தகடு கிழிகிறது, உள்ளே இருந்ததெல்லாம் வெள்ளத்தில் கொட்டுகிறது. 10,000 புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) சோயா என்றால் ஏறத்தாழ 270 டன், அன்றைய விலைக்கு 80,000 டாலருக்கு மேல். ஒரே பண்ணையில் இப்படிப் பல குதிர்கள் இருக்கும்.

இதற்குக் காப்பீடு இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அரசின் பயிர்க் காப்பீடு வயலில் நிற்கிற பயிருக்கு. அறுத்துக் குதிரில் போட்டதும் அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. 2019 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் தனியாக ஒரு பேரிடர் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து, சேமித்த தானிய இழப்பையும் அதில் சேர்த்தது. அது அந்த வருடத்துக்கான ஏற்பாடு. அதை நம்பி அடுத்த வருடம் குதிர்களை நிரப்பிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் பாலிசியில் வெள்ளம் என்ற சொல் எங்கே, எப்படி வருகிறது என்று இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

வெள்ள எச்சரிக்கை வந்ததும் லாரியில் ஏற்றிவிடலாமே? முடியாது. ஒரு பெரிய லாரி 900 புஷலுக்குச் சற்று மேலே ஏற்றும். 10,000 புஷலுக்குப் பதினொரு நடை. மார்ச்சில் பண்ணைச் சாலையின் மேல்பகுதி மட்டும் இளகிச் சேறாகியிருக்கும், கீழே இன்னும் உறைந்திருப்பதால் அந்தச் சேறு வடியாது. பாரம் ஏற்றிய லாரி அச்சுவரை இறங்கும். பல கவுண்டிகள் (மாவட்ட நிர்வாகங்கள்) அந்த வாரங்களில் பாரக் கட்டுப்பாடும் போடும். 2019இல் நெப்ராஸ்காவின் ஃப்ரீமான்ட் நகரமே சாலைகள் அறுந்து தீவுபோல நின்றது. வெள்ளத்துக்குக் காரணமான அதே உறைதரைதான் பிப்ரவரியில் லாரியைத் தாங்குகிற சாலையும். தேசிய வானிலை சேவை பிப்ரவரி முதலே வசந்தகால வெள்ள வாய்ப்பைப் பற்றி அறிக்கை தரும். ஈரமான இலையுதிர்காலம், ஆழ உறைந்த தரை, குழாயில் அளந்த பனிநீர் மூன்றும் சேர்ந்தால் விலைக்காகக் காத்திருக்காதீர்கள், தரை கெட்டியாக இருக்கும்போதே தடுப்புக் கரைக்குப் பின்னால் உள்ள குதிர்களைக் காலி செய்யுங்கள். புஷலுக்கு முப்பது காசு கூடக் கிடைக்கும் என்ற ஆசை பெரிய ஆசைதான், தெரியும்.

வெள்ளம் எத்தனை அடி வரும் என்று எண் கேட்கிறவர்களுக்கு 1997இல் வடக்கு டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரில் நடந்த கதையைச் சொல்வேன். ரெட் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது. தெற்கே கரைந்த தண்ணீர், வடக்கே இன்னும் இளகாத பகுதிக்குள் போய் முட்டும். அந்த ஏப்ரலில் 49 அடி என்று கணித்தார்கள், ஊரும் அதற்குச் சற்று மேலே மணல்மூட்டை அடுக்கியது. ஆறு 54 அடியைத் தாண்டியது.

நனைந்த குதிர் ஒன்றைத் திறப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பக்கத் தகட்டை வெட்டினால் உள்ளே கோடு போட்டதுபோலத் தெரியும். மேலே பொன்னிற மக்காச்சோளம், கையில் எடுத்தால் சலசலவென்று உதிரும். தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஓர் அடி மேல்வரை ஈரம் ஏறிக் கறுத்த பட்டை. அதற்குக் கீழே வெள்ளை முளைகளோடு பாளம் பாளமாக ஒட்டிக்கொண்ட கூழ். கள்ளும் சாணமும் கலந்த நாற்றம் சட்டையில் இருந்து போகவே போகாது.

“மேலே உள்ளதோடு கீழே உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாட்டுக்குப் போட்டால் என்ன?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்கத் தோன்றும், வருடம் முழுக்கப் பாடுபட்டவர். ஆனால் வெள்ளநீர் தொட்ட தானியத்தை அமெரிக்க உணவு மருந்துத் துறை கலப்படப் பொருளாகவே கருதுகிறது. மனிதருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது, கலந்தால் நல்லதும் கெட்டதாகிவிடும். அந்தத் தண்ணீரில் சாக்கடை, டீசல், பூச்சிமருந்து, செத்த கால்நடை எல்லாம் கரைந்திருக்கிறது. கூரை ஒழுகி மழைத்தண்ணீர் பட்டது வேறு கதை, அதை உலர்த்திப் பார்க்கலாம்.

மேலே உள்ள நல்ல தானியத்தை மேலிருந்தோ பக்கவாட்டிலோ உறிஞ்சுகுழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு முன் அதிகாரிகளிடம் பேசிவிட்டு. அடியில் தானியத்தை வெளியே தள்ளும் திருகுக்குழாயை ஓட்டினால் நல்லதெல்லாம் அழுகல் வழியாகத்தான் இறங்கும். காற்றாடியைப் போட்டால் உலர்ந்துவிடும் என்பதும் கனவு. தண்ணீர் புகுந்த மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஸ்விட்ச் போடாதீர்கள்.

குதிருக்குள் இறங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன். மேல்பகுதி பாளமாக இறுகி, கீழே பொந்து விழுந்திருக்கலாம். காலை வைத்ததும் உடையும். நகரும் தானியத்தில் நாலைந்து விநாடியில் கால் சிக்கிவிடும், இருபது, இருபத்தைந்து விநாடியில் தலை மூழ்கும். இடுப்புவரை சிக்கியவரைக் கயிறு கட்டி மேலே இழுக்கவும் முடியாது. அழுகும் தானியம் பிராணவாயுவை வேறு தின்றுவிடும். மகன் மாட்டிக்கொண்டால் தகப்பன் யோசிக்காமல் குதிப்பார், அதனால்தான் இந்த விபத்துகளில் இரண்டு பேர் போகிறார்கள். குச்சியால் குத்திவிடப் போகிறேன் என்று யார் ஏணியில் ஏறினாலும் கீழே இறக்கிவிடுங்கள்.

வயல் விஷயம் என் துறை அல்ல, சக ஊழியர்கள் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு அங்குலம்வரை மணல் படிந்திருந்தால் வழக்கமான உழவிலேயே கலந்துவிடும், எட்டு அங்குலம்வரை படிந்திருந்தால் ஆழ உழ வேண்டும், அதற்கு மேல் என்றால் அள்ளுவதா பரப்புவதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். 2019இல் அமெரிக்கா முழுவதும் 1 கோடியே 94 லட்சம் ஏக்கருக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனது. அப்படிச் சும்மா கிடந்த நிலத்தில் வேரோடு வாழும் பூஞ்சை குறைந்துவிடும். அடுத்த வருட மக்காச்சோளம் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாமல் ஊதா நிறமடித்துக் குட்டையாக நிற்கும். தண்ணீர் வடிந்ததும் ஓட்ஸோ ரையோ விதைத்து வேர் ஓடவிட்டால் போதும். கடுகு, முள்ளங்கி வகைகள் மட்டும் தனியாக வேண்டாம், அவற்றின் வேரில் அந்தப் பூஞ்சை ஒட்டாது.