கவுனி வேறு, கௌனி வேறு: கணினியில் பண்ணைக் கணக்கு

‘வடக்குப் பங்கு, மேலுரம் போட்டாச்சு, ரெண்டு மூட்டை, ஆள் ரெண்டு.’ நோட்டில் இப்படி எழுதினால் எழுதியவருக்குப் போதும். என்ன உரம், எந்த மூட்டை என்பது அவர் நினைவில் இருக்கிறது. அதே வரியை எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற கட்டம் போட்ட கணக்குச் செயலியில் அப்படியே தட்டிவைத்தால் நோட்டுதான் மாறியிருக்கும், வேறு பயன் இல்லை. மனிதர் இடமிருந்து வலமாகப் படிப்பதை, கணினி கூட்டும்போது மேலிருந்து கீழாக, பத்தி (column) பத்தியாகப் படிக்கிறது.

அதனால் ஒரு வேலைக்கு ஒரு வரிசை. பத்திகள் ஒன்பது போதும்: தேதி, வயல், போகம், வேலை, பொருள், அளவு, அலகு, ரூபாய், குறிப்பு. ஒரே நாளில் உரமும் போட்டுக் களையும் எடுத்திருந்தால் இரண்டு வரிசை. ‘2 மூட்டை’ என்று ஒரே கட்டத்தில் அடித்தால் கணினிக்கு அது எழுத்து; கூட்டித் தரும் சம் (SUM) போட்டால் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப்போய்விடும், பிழை என்றும் காட்டாது. ‘ரூ.300’ என்று அடித்தாலும் இதே கதி. எண் தனிக் கட்டத்தில், அலகு தனிக் கட்டத்தில்.

மூட்டை என்ற அலகையே கைவிடுவது நல்லது. யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி உர மூட்டை 50 கிலோ. நெல் மூட்டையோ நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ, வியாபாரியிடம் 60 கிலோவுக்கும் மேல். எல்லாவற்றையும் கிலோவில் எழுதுங்கள். நில அளவும் இப்படித்தான்: தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, அதாவது ஏறக்குறைய 33 சென்ட். வேறு ஊரில் குழியின் அளவே வேறு. நிலத்துக்குச் சென்ட் ஒன்றே போதும். இப்படி எழுதினால்தான் சத்துக் கணக்கு கைக்கு வரும். யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், டிஏபியில் 18. ஓர் ஏக்கருக்கு யூரியா 90 கிலோவும் டிஏபி 50 கிலோவும் போட்டிருந்தால், தழைச்சத்து 41.4 கிலோவும் 9 கிலோவுமாக மொத்தம் 50.4 கிலோ.

தேதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். கட்டத்தில் தேதியாகத் தெரிவது உள்ளே வெறும் எண். 2025 ஜூன் 15 என்பது 45823. அதனால்தான் விதைத்த தேதியோடு 110ஐக் கூட்டினால், 110 நாள் நெல் ரகமான ஆடுதுறை 43க்கு அறுவடை அக்டோபர் 3 வாக்கில் என்று உடனே சொல்கிறது. ஆனால் கணினியின் வட்டார அமைப்பு (Region) அமெரிக்காவாக இருந்தால், அக்டோபர் 5 என்று நினைத்து 05/10/2025 என அடித்தது மே 10 ஆகிவிடும். 15/10/2025 என்று அடித்தாலோ, பதினைந்தாம் மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். பாதித் தேதி தப்பு, பாதித் தேதி தேதியே இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நீங்களாக இடம் மாற்றியிராவிட்டால், எண்ணும் தேதியும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள், அல்லது 2025-10-05 என ஆண்டை முன்னால் வைத்து அடியுங்கள்.

அடுத்தது பெயர். கருப்புக் கவுனி என்ற பாரம்பரிய நெல் ரகத்தை ஒருநாள் ‘கவுனி’ என்றும் மறுநாள் ‘கௌனி’ என்றும் அடித்தால் இரண்டு ரகமாகிவிடும். இது கண்ணுக்காவது தெரியும். ‘கௌ’வில் வரும் ஔகாரக் குறி ஒரே குறியீடு. அந்த இடத்தில் கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தைச் சேர்த்து ‘கெள’ என்று அடிப்பவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே பெயருள்ள வரிசைகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) கொண்டு கௌனிச் செலவைக் கூட்டினால் பாதித் தொகை காணாமல் போயிருக்கும், எங்கே போனது என்று எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. ‘யூரியா’வுக்குப் பின்னால் தெரியாமல் தட்டிய ஓர் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் புரியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டும் அடியுங்கள். வயல், வேலை, பொருள் ஆகியவற்றின் பெயர்களைத் தனித் தாளில் ஒருமுறை எழுதி, டேட்டா வேலிடேஷன் என்ற வசதி வழியாக அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை முக்கால்வாசி ஒழிந்தது.

வாங்கியதையும் இட்டதையும் ஒரே தாளில் கலக்கக் கூடாது. குறுவைக்கு வாங்கிய பொட்டாஷில் மிஞ்சியது சம்பாவுக்குப் போகும். வாங்கிய நாளில் செலவெழுதினால் குறுவை நட்டமாகவும் சம்பா லாபமாகவும் பொய் சொல்லும். இரண்டு தாள் இருந்தால் இன்னொரு வசதி: வாங்கியதில் இட்டதைக் கழித்துப் பாருங்கள். இருப்பு மைனஸில் போனால் எங்கோ ஒரு பில்லை எழுத விட்டிருக்கிறீர்கள்.

விளைச்சலை எழுதும்போது ஈரப்பதத்துக்கு ஒரு பத்தி கூடுதலாக வையுங்கள். 20 சதவீத ஈரத்தில் 1000 கிலோ எடை போட்ட நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 930 கிலோதான்: 1000ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தது. மழையில் அறுத்த போகத்தையும் வெயிலில் அறுத்த போகத்தையும் வெறும் எடையை வைத்து ஒப்பிட்டு, ரகத்தின் மேல் பழி போடுவது வழக்கமாக நடப்பதுதான்.

போகம் முடிந்ததும் கோப்பை ஒரு பென்டிரைவிலும் ஒரு இணையச் சேமிப்பிலும் நகலெடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். சிஎஸ்வி (CSV) என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்திருந்தால், நேரடியாக எக்செல்லில் திறக்கும்போது தமிழ் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிடவில்லை, எக்செல் அதை யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைக் கோப்பில் பதியும் முறை) என்று அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான். சேமிக்காமல் மூடிவிட்டு, டேட்டா மெனு வழியாக யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு உள்ளே கொண்டுவந்தால் எழுத்துகள் திரும்பிவிடும்.