கணைய அழற்சி: பித்தநாளக் கல் எடுத்த பிறகு வரும் வலியின் பெயர்

பித்தநாளத்தில் கல் சிக்கி, கண் மஞ்சளாகி, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்கிறவரிடம், வாய் வழியாக உள்நோக்கியை இறக்கிக் கல்லை எடுக்கும் 'இ.ஆர்.சி.பி.' செய்யக் கையெழுத்துக் கேட்பார்கள். அந்தத் தாளில் 'போஸ்ட் இ.ஆர்.சி.பி. பாங்க்ரியாட்டைட்டிஸ்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. கூட இருப்பவர்களும் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு வரக்கூடிய சிக்கல்களில் அடிக்கடி வருவது அதுதான். தமிழில் அதன் பெயர் இ.ஆர்.சி.பி.க்குப் பிந்தைய கணைய அழற்சி. இந்தப் பெயரைச் சொல்லி, பொருளையும் சொல்லி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும்.

முதலில் கணையம். 'பாங்க்ரியாஸ்' கிரேக்கச் சொல். 'பான்' என்றால் எல்லாம், 'கிரேயாஸ்' என்றால் சதை. எலும்போ குருத்தெலும்போ இல்லாமல் முழுக்கச் சதையாக இருந்ததால் அந்தப் பெயர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதைச் 'சதையி' என்பார்கள். கிரேக்கர் கண்டதையே தமிழில் சொல்கிற அழகான சொல் அது. தமிழ்நாட்டில் நிலைத்தது கணையம். இந்தச் சொல் பழையது, பொருள்தான் புதியது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் போர்க்கருவிகளை அடுக்கும்போது கணையமும் வருகிறது. கோட்டை வாயிலுக்குக் குறுக்கே போடும் கனத்த மரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. இன்று அந்தப் பொருளில் யாரும் சொல்வதில்லை. இரைப்பைக்குப் பின்னால், வயிற்றின் குறுக்காகக் கிடக்கும் ஒரு சுரப்பிக்கே அது பெயராகிவிட்டது.

ஆனாலும் இந்த உறுப்பு நம் பேச்சுக்குள் வரவில்லை. பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். கணையத்துக்கு அப்படி ஒரு வழக்கு கிடையாது. சர்க்கரை நோய் பற்றிப் பேசும்போது மட்டும் அதன் பெயர் காதில் விழும். இன்சுலின் சுரப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை, சோற்றையும் பருப்பையும் கொழுப்பையும் கரைக்கும் செரிமான நீரைச் சுரப்பது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சுரக்கிறது. புரதத்தைக் கரைக்கும் நொதிகள் கணையத்துக்குள் உறங்கும் நிலையில் இருந்து, குடலுக்குப் போன பிறகுதான் விழிக்க வேண்டும். கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையத்தின் சதையையே செரிக்கத் தொடங்கிவிடும். கணைய அழற்சி என்பது இதுதான்.

அழற்சி நல்ல சொல். அழல் என்றால் தீ. 'இன்ஃப்ளமேஷன்' என்ற சொல்லின் லத்தீன் வேரும் தீ மூட்டுவதையே சொல்கிறது. சிலர் 'கணைய வீக்கம்' என்று எழுதுகிறார்கள். வீக்கம் அழற்சியின் ஓர் அடையாளம் மட்டுமே. கால் வீங்கியதுபோல இரண்டு நாளில் வடிந்துவிடும் என்ற நினைப்பை அது தந்துவிடும். வார்டில் இதைவிடப் பெரிய குழப்பம், அழற்சியை 'அழுகல்' என்று காதில் வாங்கிக்கொள்வது. "உள்ள அழுகிடுச்சாம்" என்று ஊருக்கு ஃபோன் போய்விடும். அழற்சி அழுகல் அல்ல. கிருமித் தொற்றும் அல்ல. அதனால்தான் தொடக்கத்திலேயே ஆன்டிபயாடிக் போடாமல், டிரிப்ஸும் வலிக்கு மருந்தும் கொடுத்துக் கவனிக்கிறார்கள்.

சரி, கல் இருப்பது பித்தநாளத்தில். கணையம் எங்கே வந்தது? இ.ஆர்.சி.பி. என்ற பெயரைப் பிரித்தாலே தெரியும். எண்டோஸ்கோப்பிக், உள்நோக்கி வழியாக. ரெட்ரோகிரேட், நீர் வரும் திசைக்கு எதிராக. கோலாஞ்ஜியோ, பித்தநாளம். பாங்க்ரியாட்டோகிராஃபி, கணையநாளத்தைப் படம் எடுத்தல். கடைசி எழுத்தான 'பி'யில் இருப்பதே கணையம். "எண்டோஸ்கோப்பி போட்டுக் கல்லை எடுக்கறாங்க" என்று நாம் சுருக்கும்போது அது காணாமல் போகிறது.

பித்தநாளமும் கணையநாளமும் முன்சிறுகுடலில் வந்து சேரும் இடம் ஒரு சிறு முகடு. ஒண்டுக்குடித்தனத்தில் இரண்டு போர்ஷனுக்கும் தெருவாசல் ஒன்றாக இருக்குமே, அதுபோலப் பெரும்பாலானவர்களுக்கு இரண்டுக்கும் வாய் ஒன்றே. இந்த இடத்தை டாக்டர்கள் 'ஆம்புல்லா ஆஃப் வாட்டர்' என்பார்கள். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1720-இல் அதை விவரித்த ஜெர்மன் உடற்கூறியலாளர் ஆபிரகாம் ஃபாட்டரின் பெயர் அது. வாய் வழியாக இறங்கிய உள்நோக்கியிலிருந்து மெல்லிய கம்பியைப் பித்தநாளத்துக்குள் செலுத்தப் பார்க்கும்போது அது பக்கத்து நாளத்துக்குள் நுழையலாம். பலமுறை முயல நேர்ந்தால் அந்த வாய் வீங்கிக் கணைய நீர் வெளியேற முடியாமல் தேங்கலாம். படத்துக்காகச் செலுத்தும் சாயம் கணையநாளத்தில் ஏறினால் அழுத்தம் கூடலாம். எப்படி ஆனாலும் எரிவது கணையம்.

இந்த முறையை 1968-இல் அமெரிக்காவில் வில்லியம் மெக்யூனும் உடனிருந்தவர்களும் முதலில் அறிவித்தபோது நோக்கம் படம் எடுப்பது மட்டுமே. 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அந்த வாயைக் கீறிப் பெரிதாக்கிக் கல்லை எடுக்கத் தொடங்கினார்கள். இன்று வெறும் படத்துக்கு, காந்தப் புலத்தால் வெளியிலிருந்தே படம் எடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் போதும், அதில் கம்பியும் இல்லை, கணையத்துக்கு இந்த ஆபத்தும் இல்லை. ஆகவே "பார்ப்பதற்கா, எடுப்பதற்கா?" என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

நூறு பேருக்குச் செய்தால் ஏறக்குறைய 3 முதல் 10 பேருக்கு இது வருகிறது. இளவயதினர், பெண்கள், முன்பே ஒருமுறை கணைய அழற்சி வந்தவர்கள், பித்தநாளத்துக்குள் நுழைவது கடினமாக இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில நாளில் தணிந்துவிடும். சிலருக்குக் கடுமையாகி ஐ.சி.யு. வரை போகும், உயிரிழப்பும் அரிதாக உண்டு.

தமிழ்ப் பெயர் எங்கே உதவும் என்பது அன்று மாலை வார்டில் தெரியும். காலையில் சிகிச்சை முடிந்து அம்மா படுத்திருக்கிறார். மேல்வயிறு பிடித்து இழுக்கிறது, முதுகுக்குப் பாய்கிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலாம் என்கிறார், வாந்தி. "காத்து அடிச்சிருப்பாங்க, கேஸ்தான்" என்று மகன் கீழே போய் ஓம வாட்டர் வாங்கி வந்து பாதி டம்ளர் கொடுத்துவிடுகிறார். பாவம், அவர் நினைத்ததில் பாதி சரி. உள்நோக்கி வழியாகக் காற்றோ கார்பன் டை ஆக்ஸைடோ செலுத்துவது உண்மை. அந்த உப்புசம் காற்றுப் பிரிந்தால் குறையும், முதுகுக்குப் போகாது, நேரம் ஆக ஆக அதிகரிக்காது. கணைய அழற்சியின் வலியோ அதிகரிக்கும். இதற்கு நர்ஸைக் கூப்பிட வேண்டும்; அவர்கள் சொல்லாமல் வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது. காலையிலேயே 'கணைய அழற்சி வரலாம், இப்படி வலிக்கும்' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகன் கீழே போயிருக்க மாட்டார்.

ரத்தப் பரிசோதனையில், கணையம் சுரக்கும் நொதிகளில் ஒன்றான அமைலேஸின் அளவைப் பார்ப்பார்கள். 1991-இல் வகுத்த வரையறை இன்றும் எடுத்தாளப்படுகிறது: சிகிச்சைக்குப் பின் புதிதாக வந்த அல்லது கூடிய வயிற்று வலி, 24 மணி நேரம் கழித்தும் இயல்பின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்கு அமைலேஸ், அதனால் ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய நிலை. வலியே இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் அது கணைய அழற்சி அல்ல. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இதைப் 'பக்க விளைவு' என்று எழுதுவது பொருந்தாது. அந்தச் சொல் மருந்துக்கு உரியது. ஒரு சிகிச்சைச் செயலால் வருவதைச் 'சிக்கல்' என்பதே சரி. 'தவறு' என்பது வேறு. கைதேர்ந்த டாக்டர் ஒழுங்காகச் செய்தாலும் இந்தச் சிக்கல் வரும். முன்கூட்டிச் சொல்லப்படாத சிக்கல் குடும்பத்தின் கண்ணுக்குத் தவறாகத்தான் தெரியும், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தடுக்க வழிகள் உண்டு. ஆசனவாயில் வைக்கும் இண்டோமெதாசின் அல்லது டைக்ளோஃபினாக் மாத்திரை அதில் முதன்மையானது. "வயித்துல செய்றதுக்கு அங்கே ஏன் மாத்திரை?" என்று கூச்சத்தோடு கேட்பவர்களுக்குப் பதில் இது: 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு 100 மி.கி. இண்டோமெதாசின் இப்படி வைத்தபோது கணைய அழற்சி 16.9 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாகக் குறைந்தது. சிலருக்குக் கணையநாளத்தில் 'ஸ்டென்ட்' என்ற மெல்லிய குழாயை வைப்பார்கள். ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ் தாராளமாக ஏற்றுவதும் இதற்காகத்தான். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அளவு பார்த்து.

ஒப்புதல் தாளில் அந்த வரி இப்படி இருக்கலாம்: "பித்தநாளக் கல்லை உள்நோக்கி வழியாக எடுத்த பிறகு, பக்கத்தில் உள்ள கணையம் என்ற சுரப்பியில் அழற்சி வரலாம். மேல்வயிறு கடுமையாக வலித்து முதுகுக்குப் பரவும். பெரும்பாலும் சில நாளில் தணியும். அரிதாக உயிருக்கு ஆபத்தாகும்."

பெரும்பாலும் முதல் நாளுக்குள்ளேயே இது தெரிந்துவிடும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகித் தாம்பரத்துக்கோ பொன்னேரிக்கோ வீடு போய்ச் சேர்ந்திருந்தால், வலி வந்ததும் அந்த ஆஸ்பத்திரிக்கே திரும்புவது நல்லது. தூரம் என்றால் பக்கத்து கேஷுவாலிட்டிக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோடு போங்கள். வயிற்று வலி என்று மட்டும் சொன்னால் கேஸ் ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்புண்டு. "நேத்து இ.ஆர்.சி.பி. பண்ணாங்க, வலி முதுகுக்குப் போவுது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.