எலும்புக்குள் ஊறும் நீர்

பெரியம்மாவின் வலக்கை மணிக்கட்டு வீங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 46. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 25 வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்த கை அது. காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் விரல்களை மடக்க முடியாமல், சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கையை வைத்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். எக்ஸ்ரே எடுத்தார்கள்; எலும்பில் எந்தக் குறையும் தெரியவில்லை. வேலை செய்கிற கை வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. எக்ஸ்ரே தனக்குத் தெரிந்ததைத்தான் காட்டியது. நோய் அதற்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

எக்ஸ்ரே படம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தின் நிழல். மூட்டின் உட்சவ்வு, குருத்தெலும்பு, தசைநாண், தசை, எலும்புக்குள் இருக்கும் மச்சை ஆகியவற்றைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. பெரியம்மாவுக்கு வந்தது முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். அது தொடங்குவதோ அந்த உட்சவ்வில். எலும்பு அரிக்கப்பட்ட பிறகே எக்ஸ்ரேயில் பள்ளம் தெரியும். அழற்சி வந்த இடத்தில் முதலில் மாறுவது நீர். எம்.ஆர்.ஐ. பார்ப்பது அந்த நீரைத்தான்.

நீரிலும் கொழுப்பிலும் ஐதரசன் அணுக்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் கருவும் ஒரு குட்டிக் காந்த முள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பெருங்காந்தத்துக்குள் நாம் படுத்ததும், அவற்றில் மிகச் சிறிய ஒரு பங்கு காந்தத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்து, பம்பரம் தலையாட்டுவதுபோல் ஆடும். பரவலாகப் பயன்படும் இயந்திரத்தின் வலிமை 1.5 டெஸ்லா. இது புவிக் காந்தத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அங்கே ஐதரசன் கரு வினாடிக்குச் சுமார் 6.4 கோடி தடவை ஆடுகிறது, அதாவது 64 மெகாஹேர்ட்ஸ். 3 டெஸ்லா இயந்திரத்தில் அது 128 ஆகும். நாம் கேட்கும் பண்பலை வானொலிகள் 88க்கும் 108க்கும் இடையில் ஒலிக்கின்றன. வானொலிக்கு இவ்வளவு நெருங்கிய அலை என்பதால்தான் அந்த அறையைச் சுற்றிலும் செப்புத் தகடு பதிக்கிறார்கள். வெளியலை உள்ளே கசிந்தால் படத்தில் கோடு விழும்.

அதே அலைவரிசையில் ஒரு துடிப்பை அனுப்பினால் கருக்கள் சாய்ந்துவிடும். துடிப்பை நிறுத்தியதும் மெல்ல மீளும்போது தாமும் மெலிதாக ஒலிபரப்பும். எந்த ஒலி எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிய, காந்தப் புலத்தை மலைச்சரிவுபோல் ஒரு பக்கம் சற்றுக் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் வைக்க வேண்டும். அப்போது மேட்டில் இருப்பது வேகமாகவும் பள்ளத்தில் இருப்பது மெதுவாகவும் ஆடும். இந்த வழியை 1973இல் வெளியிட்டவர் பால் லோட்டர்பர். அவருக்கும் பீற்றர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே படுத்தவர்களைப் பயமுறுத்தும் தடதடச் சத்தம், இந்தச் சரிவை உண்டாக்கும் மின்சுருள்கள் அதிர்வதால் எழுவது. வேறு ஆபத்தின் அறிகுறி அல்ல.

நீர் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எப்படித் தங்கியிருக்கிறது என்பதையும் இந்த இயந்திரம் அறிகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். தேயிலை பதமாவதை மேற்பார்க்கும் டீமேக்கர் ஒரு பிடி இலையை அள்ளிக் கசக்கி, கையை விரித்துப் பார்ப்பார். நீர் நிறைந்த இலை விறைத்து நிமிரும். வாடிய இலை பிடித்த பிடியிலேயே கிடக்கும். உடம்புக்குள் வானொலி அலை செய்வதும் ஏறக்குறைய இந்தக் கைச் சோதனைதான். தசைநாணில் நீர் நார்களோடு இறுகக் கட்டுண்டிருக்கிறது. அதன் எதிரொலி ஓரிரு மில்லிவினாடியிலேயே மங்குவதால் அது படத்தில் கறுப்பாகத் தெரியும். தசையில் நாற்பது மில்லிவினாடி வரை நிற்கும். அழற்சியால் ஊறிய நீர் கட்டின்றி அலைவதால் அதன் ஒலி நெடுநேரம் நீடிக்கும். எனவே பொறுத்திருந்து கேட்டால் நோயுற்ற இடம் மட்டும் வெள்ளையாக ஒளிரும்.

இதில் ஒரு இடைஞ்சல் உண்டு. மச்சையில் உள்ள கொழுப்பும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆகவே முதலில் எல்லாக் கருக்களையும் தலைகீழாக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். கொழுப்பு நீரைவிட விரைவாக மீளும். 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 0.15 வினாடியில் அது சுழியைக் கடக்கிறது, அதாவது அதன் ஒலி ஒரு கணம் இல்லாமல் போகிறது. அந்தக் கணத்தில் கேட்டால் கொழுப்பு ஊமை, நீர் மட்டும் பேசும். ஒரு வருடம் கழித்துப் பெரியம்மாவுக்கு எடுத்த படத்தில் மணிக்கட்டின் சிற்றெலும்புகள் இரண்டுக்குள் வெண்பஞ்சு அடைத்ததுபோல் தெரிந்தது இதுதான்: மச்சை வீக்கம். முடக்குவாதத்தில் இது கண்ட எலும்பு பின்னர் அரிக்கப்படும் வாய்ப்பு அதிகம். அழற்சியைத் துலக்கிக் காட்டும் காடோலினியம் மருந்தை ஏற்றி எடுத்த படத்தில் உட்சவ்வும் தடித்து ஒளிர்ந்தது. (இந்த மருந்தை ஏற்றுமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்தியர் பார்த்துக்கொள்வார்.)

மூட்டுத் தேய்வில் கேள்வி வேறு. குருத்தெலும்பு மெலியும் முன்பே அதன் கொலாஜன் என்னும் புரத நார்வலை தளர்ந்து, உள்ளிருக்கும் நீர் கட்டவிழ்கிறது. சில மில்லிவினாடி இடைவெளியில் அடுத்தடுத்து எதிரொலிகளைப் பதிந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒலி மங்கும் நேரத்தைக் கணித்து, நிற வரைபடமாகத் தீட்டுகிறார்கள். முழங்கால் படத்தில் குருத்தெலும்பின் தடிமன் குறையாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால், தேய்வு வாசலில் நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில் பயன்படும் முறை இது. ஊர் வைத்தியசாலையில் எதிர்பார்க்க முடியாது.

தசை நோய்களுக்கு உதவுவது 1984இல் டிக்சன் என்பவர் வகுத்த முறை. கொழுப்பின் ஐதரசன் நீரின் ஐதரசனைவிடச் சற்றே மெதுவாக ஆடுகிறது, 1.5 டெஸ்லாவில் வேறுபாடு வினாடிக்குச் சுமார் 220 தடவை. ஒரு கணம் இரண்டும் ஒத்து ஆடும், அடுத்த கணம் எதிரெதிராக ஆடும். இரு கணங்களிலும் படமெடுத்துக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், நீர் வேறு கொழுப்பு வேறு எனப் பிரிந்துவிடும். தசை படிப்படியாக அழியும் பரம்பரை நோயான டுஷேன் தசைச்சிதைவு வந்த சிறுவனின் தொடையில் தசை இருந்த இடத்தைக் கொழுப்பு எவ்வளவு பிடித்துவிட்டது என்பது நூற்றுவீதமாகவே கிடைக்கிறது. சிகிச்சையைத் தீர்மானிக்கும் கேள்விக்கும் இதில் பதில் உண்டு. ஊறிய நீர் என்றால் அழற்சி, மருந்துக்கு அடங்கக்கூடும். கொழுப்பாகிவிட்ட தசை திரும்பி வராது.

ஆனாலும் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோய் ஆகாது. கடுமையாக உழைத்த தசையிலும் நீரின் ஒலி சிறிது நேரம் நீளும். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில், நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் மச்சை வீக்கம் காணப்படுவதுண்டு. செங்குத்தான மலையில் கூடை சுமக்கிற உடம்பின் படத்தைப் படிப்பவருக்கு இந்த எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். இன்னொன்று: நோய் ஏற்கெனவே அடங்கிய முடக்குவாத நோயாளிகள் 200 பேரிடம் டென்மார்க்கில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டியதால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. எனவே எல்லோருக்கும் அடிக்கடி படம் எடு என்று நான் சொல்ல மாட்டேன். காலை இறுக்கம் ஒரு மணி நேரம் நீடிக்கிறதா, இரு கையும் வீங்குகிறதா என்று கேட்பதற்குக் காந்தம் தேவையில்லை. அதைக் கேட்ட பிறகும் குழப்பம் நீடித்தால் இயந்திரத்துக்கு வேலை வருகிறது.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போகும் முதல் பஸ்ஸில் பெரியம்மாவும் நானும் போனோம். உலோகம் எதுவும் கூடாது என்றதும் அவர் தயங்கியது தாலிக்காகத்தான். அன்று காலையே அதைக் கழற்றி, மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மெட்டியும் மூக்குத்தியும் என் சட்டைப் பையில் இருந்தன.

முடக்குவாதத்தை அடக்கும் மெதோட்ரெக்சேட் மருந்தை வாரம் ஒரு நாள் எடுக்கத் தொடங்கி ஒரு வருடமானபின் இரண்டாவது படம். அதே இயந்திரம், கை வைத்த நிலையும் அதே; இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. உட்சவ்வின் தடிப்பு, மச்சை வீக்கம், அரிப்பு மூன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி போடும் அளவுகோல் ஒன்று உண்டு. முதல் இரண்டிலும் புள்ளி நன்றாகக் குறைந்திருந்தது. ஓர் எலும்பின் வெண்மை முற்றாக மறைந்துவிட்டது. மற்றதின் ஓரத்தில், மிளகு அளவில் ஒரு பள்ளம். வைத்தியர் பேனா முனையால் அதைக் காட்டினார். பெரியம்மா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது எந்தப் பக்கம் என்று கேட்டார்.